கேபிளா, ஃபைபரா, சிம்மோடு வரும் ஓடிடியா: வடசென்னை வீட்டுக்கு எது கட்டுப்படி?

கேபிள்காரர் மாதம் பிறந்தால் வாசலில் நிற்கிறார். வீட்டிலுள்ள நான்கு போனுக்கும் ரீசார்ஜ் முடிவது நான்கு வெவ்வேறு தேதிகளில். இதற்கு நடுவே கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் மாடிப்படி ஏறி வந்து, “அக்கா, எங்க ஃபைபர் போட்டுக்கோங்க, டிவி, ஓடிடி எல்லாம் ஃப்ரீ, கேபிளை வெட்டிடலாம்” என்கிறார். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கே போனாலும் இந்தப் பேச்சு உண்டு.

வெட்டலாமா, கூடாதா? நெட் வேகத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. டிவி முன்னால் யார் உட்காருகிறார்கள், வீட்டில் யாருடைய போனுக்கு நிஜமாகவே டேட்டா வேண்டும், லைன் போனால் தெருவுக்கு யார் வருவார் என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் விலைப் பட்டியலுக்குப் போக வேண்டும். பெரும்பாலான வீடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

போன் கம்பெனி ஏன் படம் காட்டுகிறது

பேசுவதற்குக் காசு வாங்கிய காலம் போய்விட்டது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தபோது அழைப்புகள் இலவசமாயின. அதன் பிறகு டேட்டாவும் மலிந்தது. எந்த சிம்மிலும் அதே நெட், அதே பேச்சு என்றால் வாடிக்கையாளர் எண்ணை மாற்றாமலே நெட்வொர்க்கை மாற்றிக்கொண்டு போய்விடுவார். அவரைப் பிடித்து வைக்க ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறுதான் சினிமா, சீரியல், கிரிக்கெட். கூடவே, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி வருமானத்தையும் ஏற்ற வேண்டும். 2025 மார்ச்சில் முடிந்த காலாண்டில் இந்தச் சராசரி ஜியோவுக்கு 206 ரூபாய், ஏர்டெலுக்கு 245. இதில் ஐந்து, பத்து ஏறினாலே கோடிக்கணக்கான சிம்களில் பெரிய தொகை.

இந்த ஆசை புதிதல்ல. காலர் ட்யூனுக்கு மாதம் முப்பது ரூபாய் பிடித்த நாளிலேயே போன் கம்பெனிகள் பாட்டு வியாபாரத்துக்கு வந்துவிட்டன. கேட்காமலே ஒட்டிக்கொண்ட காலர் ட்யூனை நீக்கப் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். (இப்போதும் அப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டால் 155223 என்ற எண்தான் கதி.)

இதன் பெரிய வடிவம் இன்று இப்படி இருக்கிறது: 2018இல் டென், ஹாத்வே என்ற இரு கேபிள் நிறுவனங்களில் பெரும்பங்கு வாங்குவதாக ஜியோவை நடத்தும் ரிலையன்ஸ் அறிவித்தது. 2024 நவம்பர் 14 அன்று அதன் ஊடகப் பிரிவும் டிஸ்னியின் இந்தியப் பிரிவும் 70,352 கோடி ரூபாய் மதிப்பில் ஒன்றாயின. 2025 பிப்ரவரி 14 முதல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார். அதாவது சிம், வீட்டு ஃபைபர், விஜய் டிவி, ஐபிஎல் ஓடும் ஆப் எல்லாம் ஒரே குடையின் கீழ். சென்னைக்காரருக்கு இது அதிசயமில்லை. சேனல், எஸ்சிவி கேபிள், சன் டைரக்ட், சன் நெக்ஸ்ட் ஆப் என்று ஒரே குழுமத்தை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அங்கே சேனலிலிருந்து தொடங்கி வயருக்கு வந்தார்கள். இங்கே வயரிலிருந்து தொடங்கி சேனலுக்குப் போகிறார்கள்.

ஏர்டெல் வேறு வழி பிடித்தது. படம் தயாரிக்காமல், சேனல் வாங்காமல், மற்றவர்களின் ஆப்களை ஒரே கூடையில் கட்டி விற்கிறது. 2022 பிப்ரவரியில் மாதம் 149 ரூபாய்க்கு 15 ஓடிடி என்று தொடங்கியது, இன்றைய எக்ஸ்ட்ரீம் பிளே. 2025 மார்ச்சில் ஃபைபர் வழியே டிவி சேனல்கள் வரும் ஐபிடிவியும் வந்தது.

வெளிநாட்டு அனுபவம் இதற்கு நல்ல பாடம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2018இல் டைம் வார்னரை 8,540 கோடி டாலருக்கு வாங்கியது. நான்கே ஆண்டில், 2022 ஏப்ரலில், பிரித்து டிஸ்கவரியோடு சேர்த்துவிட்டது. வெரைசன் ஏஓஎல்லையும் யாஹூவையும் சுமார் 900 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2021இல் 500 கோடிக்குத் தள்ளிவிட்டது. ஊடகம் கைக்கு அடங்கவில்லை என்றால் போன் கம்பெனி அதைக் கழற்றி விட்டுவிடும். நம் ஊரிலும் விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டது. ஜியோசினிமா என்ற பெயரே இப்போது இல்லை. ஐபிஎல் 2023இலும் 2024இலும் ஆப்பில் இலவசம். 2025இல் சில நிமிடங்களுக்குப் பிறகு காசு. ஆகவே “ஃப்ரீ” என்று இன்று கிடைக்கும் ஆப்பை நம்பி ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டுவது, ஆடித் தள்ளுபடிக்காக அடுத்த தீபாவளித் துணியையும் சேர்த்து எடுப்பது போன்றது.

எந்தச் சேனல் யார் கையில்

தமிழ் வீட்டில் இதுதான் முதல் கேள்வி. சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்டில். விஜய் டிவி சீரியலும் பிக் பாஸும் ஜியோஹாட்ஸ்டாரில். ஜீ தமிழ் ஜீ5இல். வியாசர்பாடி, காசிமேடு பக்கம் பையன்கள் பார்க்கும் கால்பந்தும் ஒரே இடத்தில் இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக் ஜியோஹாட்ஸ்டாரில், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் சோனி லிவ்வில். மாலை ஆறு முதல் பத்து வரை அம்மாவும் பாட்டியும் மூன்று சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள் என்றால், ஆப் வழியில் மூன்று சந்தா, மூன்று லாகின், ரிமோட்டில் பத்து அமுக்கு. கேபிளில் எண்ணை அமுக்கினால் சேனல். இந்தச் சின்ன வித்தியாசத்தாலேயே வெட்டிய கேபிளை இரண்டு மாதத்தில் மீண்டும் இழுத்த வீடுகள் உண்டு.

சிம்மோடு வரும் ஓடிடி

மூன்றில் இதுதான் மலிவாகத் தெரியும், ஏமாற்றமும் இதில்தான் அதிகம். ரீசார்ஜ் பேக்கின் விளம்பரத்தில் ஆப் பெயருக்குப் பக்கத்தில் ‘மொபைல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சந்தா போனில் மட்டும்தான். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தபோது மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் மொபைல் திட்டம் ஒரே ஒரு போனுக்கு. டிவியிலும் ஓட வேண்டுமென்றால் அப்போது 299 ரூபாய் திட்டம் எடுக்க வேண்டியிருந்தது. நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் திட்டமும் போன், டேப்லெட் தாண்டாது, படத் தரமும் குறைந்த 480பி. போன் திரையை அப்படியே டிவிக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக நிற்கும். டிவி பழுதல்ல அது; ஆப்பில் போட்டிருக்கும் காப்புரிமைப் பூட்டு.

அடுத்தது டேட்டா. 480பி தரத்தில் ஒரு மணி நேரப் படம் சுமார் 0.7 ஜிபி தின்னும். தினம் 2 ஜிபி பேக்கில் மேட்ச் போட்டால் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம்தான் தாங்கும். முதல் பந்திலிருந்து பார்த்தால் இரண்டாவது இன்னிங்ஸின் 12வது ஓவர் வாக்கில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். படம் சுற்றிக்கொண்டே நிற்கும். சேஸிங்கின் முடிவைப் பக்கத்து வீட்டுச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பேக்குகளில் 5ஜி அளவில்லாமல் தருகிறார்கள்தான். ஆனால் 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டுவதில் வலுவற்றது. வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டின் நடு அறைக்குள் போனதும் போன் தானாக 4ஜிக்கு இறங்கும். அந்த நொடியிலிருந்து தினசரி 2 ஜிபி கரையத் தொடங்கும். மேலே 5ஜி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே யாரும் மேட்ச் பார்ப்பதில்லை.

சொந்த ஆப்புக்கு மட்டும் டேட்டாவைக் கழிக்காமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். கம்பெனிகளுக்கும் ஆசைதான். ஆனால் 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி அதைத் தடுக்கிறது. பார்க்கும் பொருளை வைத்து டேட்டா விலையை மாற்றக் கூடாது. கம்பெனியின் சொந்த மூடிய வலைக்குள் ஓடி, பொது இணையத்துக்கே போகாத சேவைக்கு மட்டும் விலக்கு. பின்னால் ஃபைபர் டிவியைப் பார்க்கும்போது இந்த விலக்கு முக்கியமாகும்.

இதையெல்லாம் மீறி இந்த வழி யாருக்குப் பொருந்தும்? தனியாக அறை எடுத்துத் தங்கும் துறைமுகத் தொழிலாளி, மணலியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர், டிவியே இல்லாதவர். அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

தெருக் கேபிள்

கேபிளின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மழையில் நெட் போன வீட்டில் இருந்ததில்லை. வடசென்னையில் கேபிளின் முதல் பலம் ஆள். லைன்மேன் அதே தெருக்காரர். போன் போட்டால் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். கம்பெனி ஃபைபரில் புகார் எண் வரும், குறுஞ்செய்தி வரும், ஆள் மறுநாள் வருவார்.

விலையைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் முறைப்படி பில் இரண்டு பகுதி: நெட்வொர்க் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை. பின்னாளில் 200 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153.40 என்று முதல் பகுதிக்கு உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போது பக்கத்துத் தெருவில் வேறு விலை இருந்தால் அது தவறில்லை, பேரம் பேச இடமிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது பகுதியில்தான் மிச்சம் பிடிக்கலாம். யாரும் பார்க்காத இந்தி, ஆங்கிலத் தொகுப்பு பேக்கில் ஒட்டியிருக்கும். “தமிழ் மட்டும் போதும், பேக்கை மாத்துங்க” என்று கேட்டால் பில் இறங்கும். சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. செட்டாப் பாக்ஸ் வைத்து வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு என்ற முறையை 2003 செப்டம்பரிலேயே பரிசோதித்த ஊர் சென்னை.

கேபிளில் கெடுவது பெரும்பாலும் இணைப்பு முனை. காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று. மாடிச் சுவரில் தொங்கும் ஸ்பிளிட்டரும் வயர் நுனியின் திருகு முனையும் பச்சை பூத்துவிடும். மழை பெய்ததும் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒரு சில சேனல்கள் மட்டும் வராது. அப்போது பாக்ஸை மாற்றச் சொல்லிப் பயனில்லை. நுனியை இரண்டு அங்குலம் வெட்டிப் புது முனை போட்டு, வெளியே இருக்கும் இணைப்பை ரப்பர் டேப்பால் சுற்றச் சொல்லுங்கள். ஒரே லைனை மூன்று டிவிக்குப் பிரித்திருந்தாலும் இதே கோளாறு வரும். ஒவ்வொரு பிரிப்பிலும் சிக்னல் பாதியாகும்.

கேபிளின் இன்னொரு பலத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆப்பில் நேரலை 20 முதல் 40 விநாடி பின்தங்கும், ஏனென்றால் படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பி, தடைபடாமல் ஓட நாலைந்து துண்டுகளைச் சேமித்துவைத்த பிறகே ஓட்டுகிறது. கேபிள் இருக்கிற எதிர்வீட்டில் “அவுட்!” என்று கத்தும்போது உங்கள் திரையில் பவுலர் இன்னும் ஓடி வரத் தொடங்கியிருக்க மாட்டார்.

டிடிஎச்சுக்கு ஒரு பத்தி போதும். மொட்டைமாடியில் சொந்த இடமும் திறந்த வானமும் இருந்தால் சரி. கனமழையில் படம் போகும், கடற்கரைப் பக்கம் தாங்கியும் தட்டும் துருப்பிடிக்கும். வாரியக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஃபைபரும் அதனோடு வரும் பாக்ஸும்

வீட்டில் மூன்று பேருக்கு மேல் போனில் வீடியோ பார்த்தால், பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு இருந்தால் ஃபைபர் வேண்டும். இதில் ஐயமில்லை. 2020இல் ஜியோஃபைபர் கொண்டுவந்த 399 ரூபாய், 30 எம்பிபிஎஸ் திட்டம்தான் எல்லாருக்கும் அளவுகோல். ஜிஎஸ்டி சேர்த்தால் 470.82 ரூபாய், மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகம். 30 எம்பிபிஎஸ் போதுமா? முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. ஒரு டிவி, நான்கு போனுக்குத் தாராளம். வாசலில் நிற்கும் விற்பனையாளர் 100, 200 என்று ஏற்றுவது அவருடைய இலக்குக்காக. அடிப்படைத் திட்டத்தில் பெரும்பாலும் ஓடிடி இருக்காது. ஓடிடி வேண்டுமென்றால் 200 ரூபாய் சேர்த்து அடுத்த படி. அந்த 200க்கு வரும் இருபது ஆப் பட்டியலில் நீங்கள் திறக்கப்போவது எத்தனை? இரண்டுக்குக் குறைவென்றால் அடிப்படைத் திட்டமும் தனியாக ஒரு சந்தாவும்தான் மலிவு.

பாக்ஸ் தருகிறேன் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். சன், விஜய், ஜீ தமிழ் மூன்றும் நேரலையில் வருகிறதா, இல்லை ஆப்பில் பழைய எபிசோடு மட்டுமா? பேச்சை நம்பாமல், பக்கத்தில் இணைப்பு வாங்கிய வீட்டு டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தது, டிவி பார்ப்பது மாத டேட்டாவில் கழியுமா? மேலே சொன்ன மூடிய வலை விலக்கு ஐபிடிவிக்குப் பொருந்தலாம். பிஎஸ்என்எல் 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஐஎஃப்டிவி என்ற தன் ஃபைபர் டிவியைத் தொடங்கியபோது, ஃபைபர் டேட்டாவில் கழியாது என்றே அறிவித்தது. மற்றவர்களிடம் இதை எழுத்தில் வாங்குங்கள். 3,300 ஜிபி இருக்கும்போது இது பெரிய கவலையில்லை. காற்று வழி ஏர்ஃபைபரில்தான் உறுத்தும். ஜியோ 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியபோது அதன் வரம்பு மாதம் 1,000 ஜிபி. எச்டியில் மணிக்கு 3 ஜிபி, தினம் 6 மணி நேரம் என்றால் ஒரு டிவிக்கு 540 ஜிபி. இரண்டு டிவி என்றால் 1,080. வரம்பு தாண்டியது.

ஏர்ஃபைபரின் மற்றொரு குறை, தெருவிலுள்ள எல்லா போன்களும் பயன்படுத்தும் அதே டவரில் இதுவும் தொங்குவது. சிஎஸ்கே மேட்ச் நாளில் இரவு எட்டு மணிக்குச் சோதித்துப் பாருங்கள். ஃபைபர் வயர் வரவே முடியாத சந்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஃபைபரில் கெடுவது என்னென்ன? வயர் கம்பத்துக்குக் கம்பம் தாழ்வாகத் தொங்குகிறது. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி இழுத்துக்கொண்டு போகும். மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தோண்டும்போது அறுபடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்ற தெருக்களில் எல்லாச் சேவையும் நாள் கணக்கில் போனது. வயர் அறுந்தால், ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பில் சிமிட்டும். அப்போது ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதெல்லாம் வீண். நேரே புகார் கொடுங்கள். விளக்கு பச்சையாக இருந்து நெட் மட்டும் இல்லையென்றால்தான் ஆஃப் செய்து இரண்டு நிமிடம் பொறுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பொருத்த வரும்போதே மீட்டரில் ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27ஐ ஒட்டியிருந்தால் அன்று ஓடும், மழையில் காலை வாரும். காரணம் பெரும்பாலும் வழியில் ஒரு மோசமான இணைப்பு, அல்லது ஜன்னல் கீலில் நசுங்கிய, 3 செ.மீ.க்கும் குறுகலாக மடிந்த வயர். முனையில் பச்சை நிறக் கொண்டையும் நீல நிறக் கொண்டையும் உண்டு; இரண்டின் நுனியும் வேறு கோணத்தில் தீட்டியவை, மாற்றிச் செருகினால் ஒளி சிதறும்.

வீட்டுக்குள் வந்தபின் வரும் தொல்லை வைஃபை. வாரியக் குடியிருப்பில் ஒரு தளத்தில் பத்து வீட்டு ரூட்டர் ஒரே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் கத்திக்கொண்டிருக்கும். டிவி பாக்ஸை வைஃபையில் விடாதீர்கள். ரூட்டரிலிருந்து ஒரு லான் வயர் இழுத்துச் செருகிவிட்டால் படம் நின்று நின்று வரும் புகார்களில் பாதி போய்விடும். அடுத்து மின்வெட்டு. ஓஎன்டிக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டர். அதற்கான சின்ன யூபிஎஸ் பவர் பேங்க் அளவே இருக்கும். 8,800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது, பெட்டி 10 வாட் இழுத்தால், இரண்டரை மணி நேரம் தாங்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி போய்விடும்.

பெரிய கம்பெனிக்கும் தெருக் கேபிளுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, பலருக்கு அதுவே சிறந்தது. உங்கள் கேபிள்காரரே பிஎஸ்என்எல் அல்லது வேறு நிறுவனத்தின் ஃபைபரை எடுத்து விற்பவராக இருக்கலாம். நெட்டும் டிவியும் ஒரே லைன்மேன் கையில். விலை பத்து, இருபது கூடினாலும் வரும் ஆளுக்காகக் கொடுக்கலாம். ஒன்று மட்டும், பில் கம்பெனி பெயரில் வருகிறதா என்று பாருங்கள். வெறும் நோட்டுப் புத்தகக் கணக்கு என்றால் புகார் கொடுக்க இடமே இருக்காது.

கணக்கு

2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஜியோவில் தினம் 2 ஜிபி, 28 நாள் பேக் 349 ரூபாய். 28 நாள் என்பது மாதமல்ல; ஆண்டுக்கு 13 முறை, அதாவது 4,537 ரூபாய் ஒரு போனுக்கு. 2024 டிசம்பரில் டிராய் கட்டாயப்படுத்தியதால், டேட்டாவே இல்லாத பேச்சு, எஸ்எம்எஸ் மட்டுமான பேக்குகள் 2025 ஜனவரியில் வந்தன: ஜியோவில் 84 நாளுக்கு 448, ஏர்டெலில் 469. ஜியோ பேக்கை ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 1,947 ரூபாய். கடைக்காரர் தானாக இதைச் சொல்ல மாட்டார். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்போது பாருங்கள். வீட்டிலேயே இருக்கும் இரண்டு பேரின் போனை 349இலிருந்து 448 பேக்குக்கு மாற்றினால் ஆளுக்கு 2,590, இருவருக்கும் 5,180 மிச்சம். அடிப்படை ஃபைபர் ஆண்டுக்கு 5,650. அதாவது வீடு முழுக்க ஃபைபர் வருவதற்குக் கூடுதல் செலவு ஆண்டுக்கு 470 ரூபாய்தான். வாட்ஸ்அப், யூடியூப் வீட்டு வைஃபையில் ஓடும், ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும், உள்ளறையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வைஃபை அழைப்பை ஆன் செய்தால் பேச முடியும். ‘ஃப்ரீ ஓடிடி’யைவிட இது நிஜமான மிச்சம், இதை எந்த விளம்பரமும் சொல்லாததற்குக் காரணம், சராசரி வருமானம் குறைவது.

இதில் ஒரு முள் இருக்கிறது. டேட்டா இல்லாத போன் தெருவில் இறங்கினால் ஜிபே ஓடாது. மீன் வாங்க, காய்கறி வாங்க ஸ்கேன் செய்கிறவர் போனை இப்படி மாற்றினால் முதல் வாரமே சண்டை. வெளியே போகிறவருக்கு டேட்டா பேக், வீட்டிலிருப்பவருக்குப் பேச்சு பேக் என்று பிரியுங்கள்.

சீரியல் பார்க்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு: தமிழ் மட்டும் வரும்படி குறைத்த கேபிள், அடிப்படை ஃபைபர், இரண்டு பேச்சு பேக். ஓடிடி வேண்டுமானால் ஐபிஎல் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் டிவியில் ஓடும் திட்டம். டிவியில் யூடியூபும் படமும் மட்டுமே பார்க்கும் இளம் தம்பதிக்குக் கேபிள் தண்டம்; ஃபைபரும் ஒரு சந்தாவும் போதும். கால்பந்துப் பைத்தியம் இருக்கும் வீட்டில் இரண்டு சந்தா இல்லாமல் வழியில்லை, அதை நான்கு நண்பர்கள் பகிரலாமா என்று திட்டத்தின் திரை எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கேபிளை முதல் நாளே வெட்டாதீர்கள். ஃபைபர் வந்து ஒரு மாதம், முடிந்தால் ஒரு மழை, ஒரு பெரிய மேட்ச் கடக்கட்டும். வாடகை வீட்டில் ஒப்பந்தம் 11 மாதம்; ஃபைபரில் 12 மாதம் முன்பணம் கட்டினால் கழிவு கிடைக்கும் என்பார்கள். வீடு மாறினால் புது முகவரியில் அந்தக் கம்பெனி வயர் இருக்க வேண்டுமே. மூன்று மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள். சுவரில் துளை போட ஓனரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். துளை ரூட்டர் வைக்கும் இடத்துக்கு மேலே இருந்தால் மழை நீர் வயர் வழியே பெட்டிக்குள் இறங்கும், வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்வாகப் போடச் சொல்லுங்கள்.

ஓடிடி சந்தாவை யூபிஐ ஆட்டோபேயில் விட்டால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள்; பையனுடைய போனுக்கு வந்தால் அது யாருக்கும் தெரியாமலே புதுப்பித்துக்கொள்ளும். புகார் கொடுத்தால் டாக்கெட் எண்ணை எழுதி வையுங்கள். தீரவில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இலவசமாகப் போகலாம். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சிம்மை வேறு நெட்வொர்க்குக்கு மாற்றுவதென்றால், அந்த நெட்வொர்க்கில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். பெரிய எழுத்தில் ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்பினால் வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். எண் கூடவே வரும், பேக்கோடு வந்த ஓடிடி வராது. ஆகவே ஆப்பில் மூன்று மாதம் பாக்கியிருக்கும்போது மாறாதீர்கள்.

ஃபைபரை நிறுத்தும் நாளில் ஓஎன்டி, டிவி பாக்ஸ், ரிமோட், இரண்டு அடாப்டர் எல்லாம் கம்பெனிச் சொத்து. எடுக்க வருகிறவரிடம் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். அடாப்டரை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டால் டெபாசிட்டில் கழிப்பார்கள். பர்மா பஜாரில் வாங்கிய வேறு அடாப்டரைக் கொடுத்தால் வரிசை எண் ஒத்துப்போகாது.